பைய மிதி, பிள்ளை

பதினாறு வயசிலிருந்து பீடி சுற்றியவள் நான். ஊர் முக்கூடல் பக்கம். மடியில் சுளவு, சுளவில் இலையும் தூளும், கையில் கத்தரி. எத்தனை ஆயிரம் சுற்றினோமோ அதுக்குத்தான் கூலி. கண் டிவியில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டி நூலைக் கட்டிவிடும். அந்தக் கைவேகத்தைப் பெரிய சொத்தாக நினைத்திருந்தேன். தையல் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் அதுவே எனக்கு எதிரி என்று தெரிந்தது.

வேலை கேட்டுப் போன அன்று "தைக்கத் தெரியுமா?" என்றார்கள். தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். வீட்டில் அம்மா வாங்கிய உஷா மிஷின் உண்டு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது நான்தான். பயிற்சி கொடுக்கிற அக்கா ஆலங்குளத்துக்காரர், திருப்பூரில் பல வருசம், கரண்டில் ஓடுகிற பவர் மிஷின் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். நான் சொன்னதைக் கேட்டு அவர் சந்தோசப்படவே இல்லை. "தெரியாதவளுக்குச் சொல்லிக் குடுக்கது லேசு. ஒனக்கு முதல்ல தெரிஞ்சதை மறக்க வைக்கணும்லா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. வீட்டு மிஷினில் வலது கையால் சக்கரத்தைத் தட்டிவிட்டு, குதிகாலும் முன்காலுமாக மாற்றி மாற்றி மிதிப்போம். துணி சிக்கினால் சக்கரத்தைக் கையாலேயே பிடித்து நிறுத்துவோம். பவர் மிஷினில் இந்த மூன்றும் ஆகாது. முன்காலால் லேசாக அழுத்தினால் ஓடும், கூட அழுத்தினால் பறக்கும், குதிகாலை அழுத்தினால் நிற்கும். பழக்கதோசத்தில் தொட்டில் ஆட்டுவது மாதிரி மிதித்தால் மிஷின் குதிரைக்குட்டி போலத் துள்ளும். சக்கரத்துப் பக்கம் கையே போகக்கூடாது. அங்கே பெல்ட் ஓடுகிறது, மேலே மூடி போட்டிருப்பது அதுக்குத்தான். ஊசிக்கு நூல் கோர்ப்பதுகூடத் தலைகீழ். எங்கள் வீட்டு மிஷினில் வலமிருந்து இடம், இங்கே இடமிருந்து வலம்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். இந்த மிஷின் நிமிசத்துக்கு 5000 தையல் வரைக்கும் போகும் என்றார் அக்கா. வீட்டுக்கு வந்து மகளிடம் கணக்குப் போடச் சொன்னேன். ஒரு செகண்டுக்கு 83 தடவை ஊசி ஏறி இறங்குகிறது. கண் இமைப்பதற்குள் எத்தனை குத்து என்று யோசித்துப் பார்த்தேன். அன்று ராத்திரி சோறு சரியாக இறங்கவில்லை.

முதல் இரண்டு நாள் ஊசியே மாட்டவில்லை. மோட்டாரைப் போட்டு, மிதித்து, நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். "ஏ பிள்ளை, பைய மிதி. என்னத்துக்கு இந்த விரட்டு விரட்டுத?" இதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். மூன்றாம் நாள் ஊசி வந்தது, நூல் வரவில்லை. கோடு போட்ட நோட்டுத்தாளைக் கொடுத்து, கோட்டின் மேலேயே ஓட்டு என்றார்கள். நூலில்லாத ஊசி தாளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்டுக்கொண்டே போகும். நேர்கோடு, அப்புறம் கட்டம், அப்புறம் வளையம். கட்டத்தின் மூலையில்தான் ஆளின் லட்சணம் தெரியும். ஊசி சரியாக மூலையில் இறங்கி நிற்க வேண்டும், முழங்காலால் தள்ளினால் துணியை அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்டு மேலே எழும்பும், தாளைத் திருப்பி மறுபடி ஓட்ட வேண்டும். என் ஊசி மூலையைத் தாண்டி நாலு ஓட்டை போட்டபிறகே நிற்கும். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார் அக்கா. தாண்டின ஓட்டை எல்லாம் பளிச்சென்று தெரியும். மறைக்க வழியே இல்லை.

கொண்டை போடுவது, துப்பட்டாவை மடித்து மேல்கோட்டுக்குள் செருகுவது, தாலிச்செயினை உள்ளே போடுவது, வளையலைக் கழற்றுவது எல்லாம் ஒரே நாளில் பழகிவிட்டது. கண்ணாடி வளையலைக் கழற்ற மட்டும் ஒரு கிழவி மாதிரி முரண்டு பிடித்தேன்.

பயிற்சிக்குப் போட்டிருந்தவை பழைய கிளட்ச் மோட்டார் மிஷின்கள். ஸ்விட்சைப் போட்டதுமே, நாம் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் கீழே மோட்டார் 'ஙொய்ங்' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் தலைவலி. ஆனால் மிஷின் உயிரோடு இருக்கிறது என்பதைக் காது சொல்லிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்விட்சை அணைத்தாலும் மோட்டார் உடனே நிற்காது, கொஞ்ச நேரம் சும்மா சுற்றும். அந்த நேரத்தில் கால் பட்டால் ஊசி இறங்கிவிடும். அதனால் அணைத்ததும் கையை விலக்கிவைத்துக்கொண்டு மிதியை ஒரு தடவை அழுத்தி, மிச்சமிருக்கிற சுற்றைக் கழித்துவிட்டுத்தான் ஊசி மாற்றவோ பாபின் எடுக்கவோ வேண்டும். கரண்டு போனாலும் இதே கதைதான். மிதியில் காலை வைத்தபடி பக்கத்துப் பெண்ணோடு கதை பேசிக்கொண்டிருந்தால், கரண்டு வந்ததும் மிஷின் பாயும். கரண்டு போனால் முதல் வேலை ஸ்விட்சை அணைப்பது.

மூன்றாவது வாரம், நிஜமாகவே துணி தைக்கிற லைனுக்கு மாற்றினார்கள். நைட்டிக்குத் தோள் மூட்டுகிற வேலை. அங்கே எல்லாம் புது சர்வோ மோட்டார் மிஷின். மிதித்தால் மட்டும் சுற்றும், காலை எடுத்தால் கப்சிப். உட்கார்ந்த அன்று கோயிலுக்குள் வந்த மாதிரி இருந்தது. அந்த அமைதிதான் என்னைக் கவிழ்த்தது.

மத்தியானம் சாப்பிட்டு வந்த அரைத் தூக்கம். ஃபுட்டுக்கு அடியில் துணியின் மடிப்பு சுருண்டுகொண்டது. இடது கை ஆள்காட்டி விரல், பீடி இலையைத் தள்ளுகிற அதே விரல், கேட்காமலேயே உள்ளே போனது. கால் மிதியில்தான் இருந்தது. சத்தம் இல்லாததால் மிஷின் ஓடவில்லை என்று என் காது நம்பிவிட்டது. 'டக்' என்று ஒரு ஒலி. வலி உடனே வரவில்லை. நகத்தின் நடுவில் ஊசி நிற்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

"இழுக்காதட்டி! கையை இழுக்காத!" அக்கா எங்கிருந்து ஓடி வந்தார் என்று தெரியவில்லை. ஸ்விட்சை அணைத்தார், என் காலைத் தன் காலால் மிதியிலிருந்து தள்ளினார், மணிக்கட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் பைய, மிகப் பைய, சுற்றினார். சக்கரத்தில் கை வைக்கலாம் என்றால் அது இப்படி, கரண்டை அணைத்தபிறகு. ஊசி மேலே ஏறியது. ஏறிய ஊசிக்கு முனை இல்லை.

அடுத்து நடந்ததில் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. விரலில் ரத்தம் சொட்டுகிறது, இவர்கள் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் ஊசிமுனையைத் தேடுகிறார்கள்! அங்கே ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி கிடைக்கும். போடுகிறவள் உடம்பில் குத்தக்கூடாதே என்று அப்படி ஒரு சட்டம். என் உடம்பைவிட நைட்டி பெரிதா என்று மனசுக்குள் திட்டினேன். அக்கா காதோடு சொன்னார்: "தரையில கெடைக்கலைன்னா அது ஒன் வெரலுக்குள்ள இருக்குன்னு அர்த்தம்." கிடைக்கவில்லை.

சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தத் துணி சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். காபித்தூள் வைக்கச் சொன்ன ஒரு மதினியை அக்கா முறைத்தே அடக்கிவிட்டார். எக்ஸ்ரேயில் முனை வெள்ளையாகத் தெரிந்தது, ஒரு அரிசிக் குருணை அளவு. மரக்க ஊசி போட்டு எடுத்தார்கள், ரணஜன்னி வராமலிருக்க டிடி ஊசியும் போட்டார்கள். டாக்டர் அந்தத் துண்டை ஒரு பஞ்சில் வைத்துக் கொடுத்தார். சிரிக்காதீர்கள், அதைக் கொண்டுபோய் நோட்டில் ஒட்டித்தான் புது ஊசி வாங்கினேன். சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பதைப் பற்றி அதன்பிறகு நான் முணுமுணுத்ததில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பயிற்சி மிஷினில் ஊசிக்கு முன்னால் வளைந்த கம்பி ஒன்று இருந்தது, விரல் உள்ளே போகாமல் தடுப்பதற்கு. என் லைன் மிஷினில் அந்தக் கம்பி இல்லை, அது பூட்டியிருந்த ஓட்டை மட்டும் இருந்தது. நூல் கோர்க்க மறைக்கிறது, பீஸ் குறைகிறது என்று எனக்கு முன்னால் ஓட்டிய யாரோ கழற்றியிருக்கிறார்கள். கழற்றியவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, எண்ணிக்கை குறைந்தால் திட்டு வாங்குவது அவள்தானே. ஆனால் நித்தமும் அதைப் பார்த்தும் பேசாமல் கடந்துபோன சூப்பர்வைசரிடம் நேராகவே கேட்டேன். மெக்கானிக் மறுநாள் வந்து பூட்டினார். என் மிஷினுக்கு மட்டும். மற்றவர்கள் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்க இன்னும் பத்து நாள் ஆனது.

கம்பி இருந்தால் மறைக்கத்தான் செய்கிறது. இரண்டு நாளில் கண் பழகிவிட்டது. இப்போது கை ஊசிப்பக்கம் போக வேண்டுமென்றால் கால் முதலில் தரைக்கு வந்துவிடுகிறது. ஊசி மாற்ற, நூல் கோர்க்க என்றால் ஸ்விட்சின் சிவப்பு விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன், காதை நம்புவதில்லை. வீட்டு மிஷினில் ஜாக்கெட் தைக்கும்போதும் இப்படிக் காலைத் தூக்கித் தூக்கி வைப்பதைப் பார்த்து, "ஏம்மா, கரப்பான் ஓடுதா?" என்கிறாள் மகள்.

வருகிற திங்கள்கிழமை துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஊசியோடு துணி வெட்டுகிற கத்தியும் உண்டு. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் போய், கண்ணுக்கு முன்னால் வரும் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. பஞ்சுத்தூசி படிந்து மங்கிக் கிடந்தது, துடைத்துவிட்டு வந்தேன்.