மெரூன் மெரூனாகவே தெரிய வேண்டும்

திரும்பி வந்த பார்சலைப் பிரித்தபோது டி-ஷர்ட்டோடு ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. "துணி நல்லா இருக்கு. ஆனா நான் கேட்ட கலர் இது இல்லை." கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. போனில் நாங்கள் போட்டிருந்த படத்தைத் திறந்து துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையில் இருந்தது நல்ல இருண்ட மெரூன். படத்தில் இருந்தது செங்கல் நிறம். வாங்கியவர் சொன்னது முழுக்கச் சரி.

நானும் தங்கையும் சேர்ந்து நடத்துகிற சிறு தொழில் இது. டிசைன் அவள் வரைகிறாள். துணி எடுப்பது, அச்சுக்குக் கொடுப்பது, பேக்கிங், கணக்கு எல்லாம் நான். போட்டோ யார் வேலை என்று பேசிக்கொண்டதே இல்லை. ராத்திரி மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு கட்டில்மேல் விரித்துப்போட்டு, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் யாராவது ஒருத்தி போனில் எடுப்போம். அந்த மெரூன் திரும்பி வந்த அன்றைக்கு, இனி இது என் வேலை என்று சொல்லிவிட்டேன். கடைக்கு வருகிறவர் துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார், வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார். எங்களிடம் வாங்குகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நான் எடுக்கிற படத்தை நம்பித்தான் அவர் பணம் அனுப்புகிறார். அதனால் நிறத்தைச் சரியாக எடுக்கக் கற்றுக்கொள்வதுதான் என் முதல் கவலையாக இருந்தது. அழகெல்லாம் அப்புறம்.

முதல் வாரம் எதையும் வாங்கவில்லை. பல்பை அணைத்தேன், அவ்வளவுதான். காலையில் ஜன்னல் பக்கம் மேசையை இழுத்துப்போட்டு, அதே மெரூனை அதே போனில் எடுத்தேன். படமே வேறாக இருந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. வெளிச்சத்துக்கும் நிறம் உண்டு, அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். வீட்டு மஞ்சள் பல்பு சுமார் 2700 முதல் 3000 கெல்வின். நடுப்பகல் வெயில் சுமார் 5500. நிழலும் மேகமும் இன்னும் மேலே போகும், நீலம் கூடும். நம் கண் இதையெல்லாம் தானாகச் சரிசெய்துகொள்கிறது. மஞ்சள் பல்புக்குக் கீழேயும் வெள்ளைத் தாள் நமக்கு வெள்ளையாகவே தெரியும். கேமரா எது வெள்ளை என்று ஊகிக்கத்தான் முடியும். படம் முழுக்க ஒரே நிறத் துணி இருந்தால் அந்த ஊகம் தவறிப்போகும்.

நான் செய்த பெரிய தப்பு இரண்டு வெளிச்சத்தைக் கலந்தது. ஜன்னல் வெளிச்சம் போதவில்லை என்று மறுபக்கம் பல்பையும் போட்டால், ஒரு கை நீலமாகவும் இன்னொரு கை மஞ்சளாகவும் வரும். அதற்கு எந்தச் செயலியிலும் சுலபமான திருத்தம் இல்லை. இப்போது படம் எடுக்கும்போது அறையில் ஜன்னலைத் தவிர வேறு வெளிச்சமே கிடையாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிமிர்த்தி வைக்கிறேன். அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, இருட்டாக இருக்கும் பக்கத்தை நிரப்பிவிடும். நேர் வெயில் விழுந்தால் மட்டும் ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டுவேன். இன்னொன்று, மேசையை ஜன்னலோடு ஒட்டிப் போடக்கூடாது. ஒட்டிப் போட்டால் அந்தப் பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் சட்டென்று இருண்டும் போகும். கொஞ்சம் தள்ளிப் போட்டால் துணி முழுக்க ஒரே சீராக விழும்.

அடுத்து நான் கற்றதை ஒரு காலைப்பொழுதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று டி-ஷர்ட்டை வரிசையாக எடுத்தேன். ஒவ்வொன்றும் படச்சட்டம் நிறைய இருக்கும்படி, போனை ஆட்டோவில் விட்டு. பிறகு மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தங்கையிடம் காட்டினேன்.

"எது கறுப்பு, சொல்லு."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூணுமே சாம்பல் மாதிரிதானே அக்கா இருக்கு?"

அதேதான். கேமராவில் இருக்கிற ஒளிமானி, தன் முன்னால் இருப்பது என்ன பொருள் என்று அறியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று குறைக்கும், கறுப்பைக் கண்டால் போதவில்லை என்று கூட்டும். அதனால் வெள்ளைத் துணிக்கு நாம்தான் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்குகிற வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூட்ட வேண்டும், கறுப்புக்கு அதே அளவு குறைக்க வேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைத்தால் பாதி. முதலில் கேட்கும்போது தலைகீழாகப் படும். வெள்ளை ஏற்கெனவே வெளிச்சம்தானே என்று தோன்றும். மூன்று டி-ஷர்ட்டை வைத்து ஒருமுறை நீங்களே எடுத்துப் பாருங்கள், பிறகு மறக்காது. பெரும்பாலான போன்களில் திரையில் துணிமேல் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரலை மேலே கீழே நகர்த்தினால் வெளிச்சம் கூடிக் குறையும்.

வெள்ளையில் இன்னொரு விஷயம் உண்டு. துணிக்குப் போடுகிற பளிச்சிடும் வேதிப்பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும். அதனால்தான் புது வெள்ளை டி-ஷர்ட் ஜன்னலோரம் லேசாக நீலம் தட்டி வரும். அதைப் பார்த்துப் பயந்து மஞ்சளைக் கூட்டினால் பழைய துணி மாதிரி ஆகிவிடும். நான் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் அட்டை ஒன்றைத் துணியோடு வைத்து முதல் படம் எடுத்து, அந்த அட்டையைக் கொண்டு ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த நிறமும் கலக்காதது எது என்று கேமராவுக்குச் சொல்கிற அமைப்பை, சரிசெய்துவிட்டு, அட்டையை எடுத்துவிடுகிறேன். அதற்கு மேல் அன்றைக்கு முழுக்க நிறத்தைத் தொடுவதில்லை.

கறுப்பு டி-ஷர்ட்டுக்கு வேறு பொறுமை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு பஞ்சுத் துகளும் படத்தில் தெரியும். ஒட்டும் உருளையால் உருட்டி, வெளிச்சத்தை நேராக விடாமல் பக்கவாட்டில் விட்டால்தான் துணியின் நெசவு தெரியும். இல்லாவிட்டால் வெறும் கறுப்பு ஓட்டை மாதிரி இருக்கும்.

மெரூனுக்குத் திரும்பி வருகிறேன். ஜன்னல், அட்டை எல்லாம் சரியாக இருந்தும் எங்கள் சிவப்பு வகைகள் மட்டும் அடம்பிடித்தன. நிறம் கிட்டத்தட்ட சரி, ஆனால் மடிப்பும் நெசவும் காணாமல் போய், சிவப்புப் பெயிண்ட் அடித்த அட்டை மாதிரி வந்தது. இதற்கு இரண்டு காரணம். பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சார்மேல் சின்னச் சின்ன நிறக் கட்டங்கள் இருக்கும். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அதில் பாதிக் கட்டங்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். சிவப்புத் துணியை எடுக்கும்போது நான்கில் ஒரு கட்டம்தான் உருப்படியாக வேலை செய்கிறது. இரண்டாவது, ஒட்டுமொத்த வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று கேமரா காட்டும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கிய பிறகு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தை அதில் பார்த்தேன். அதில் இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம். பச்சையும் நீலமும் இடது ஓரத்தில் அடங்கிக் கிடக்க, சிவப்பு மலை வலது சுவரில் போய் மோதிக்கொண்டு நின்றது. எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் போலக் குறைத்து, நிறப் பாணியை, நிறத்தைத் தூக்கிக் காட்டாத 'நியூட்ரல்' என்று மாற்றினேன். சுவரிலிருந்து மலை விலகியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கழுத்துப் பட்டியின் வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒன்று. 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் மூன்று நிற வடிகட்டிகளைக் கொண்டு உலகுக்குக் காட்டிய முதல் வண்ணப் படமே ஒரு துணிதான், கட்டம் போட்ட ஒரு ரிப்பன். அந்தக் காலத்துப் படத்தகடு சிவப்பை உணரவே உணராது. ஆனாலும் படத்தில் சிவப்பு வந்தது. அந்தச் சிவப்புச் சாயம் புற ஊதாவையும் சேர்த்துப் பிரதிபலித்ததால் வந்தது என்று கண்டுபிடிக்க நூறு வருடம் ஆனது. துணியும் சாயமும் கேமராவும் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்தபோது, என் மெரூனோடு உட்கார்ந்திருந்த எனக்குத் தெம்பு வந்தது.

இரவல் கேமராவில் ஆர்வத்தில் ஒன்று செய்தேன். பின்னணி மங்கலாக வரும் படங்கள் பிடிக்கும் என்பதால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, நன்றாக அகலத் திறந்து எஃப் 1.8இல் வைத்து, தங்கையைப் போடச்சொல்லி எடுத்தேன். நெஞ்சில் இருந்த அச்சு கூர்மையாக இருந்தது, தோள்பட்டைத் தையல் கலங்கிப் போயிருந்தது. முகம் எடுக்க அது நன்றாக இருக்கலாம். டி-ஷர்ட் வாங்குகிறவர் தையலைப் பார்க்க விரும்புவார். இப்போது திறப்பைச் சுருக்கி எஃப் 8, கேமராவின் ஒளியுணர்வைச் சொல்கிற ஐஎஸ்ஓ 100. வெளிச்சம் குறைவதால் ஷட்டர் வேகம் 1/8 நொடி வரைக்கும் இறங்கும், கையில் பிடித்தால் நிச்சயம் ஆடிவிடும். ட்ரைபாடில் பூட்டி, 2 நொடி டைமர் வைத்துவிட்டால் மேசையில் கிடக்கிற துணி எங்கே போகப்போகிறது? ஆள் போட்டிருக்கும்போது மட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டரை வேகமாக்குகிறேன்.

விரித்துப்போட்டு மேலிருந்து எடுக்கும்போது கேமரா துணிக்கு இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கீழ்ப்பக்கம் அகலமாகி, டி-ஷர்ட் பாவாடை மாதிரி விரியும். அளவு தப்பாகத் தெரிந்தால் அதுவும் திரும்பி வரும். ஆள் போட்டிருந்தால் கிட்டே போய் எடுக்கக்கூடாது. போனின் சாதாரண லென்ஸே அகலக் கோணம்தான், நெஞ்சுப் பகுதியை உப்பலாகக் காட்டும். தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் உடம்பில் இருக்கிறபடியே விழும்.

இஸ்திரி போடாமல் எடுக்கவே எடுக்காதீர்கள். மடிப்பைப் பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்தேன். ஒரு டி-ஷர்ட்டுக்கு முக்கால் மணி நேரம் போனது. இஸ்திரிக்கு மூன்று நிமிடம் போதும். அச்சின்மேல் மட்டும் இஸ்திரிப் பெட்டி நேராகப் படக்கூடாது, உள்பக்கம் திருப்பித் தேய்க்க வேண்டும்.

திருத்தும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. போனில் இரவு நேர மஞ்சள் திரை இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அது தெரியாமல் ஒரு வாரப் படங்களை நீலமாக்கி வைத்திருந்தேன். சேமிக்கும்போது நிற வெளி, அதாவது படத்தில் எந்தெந்த நிறம் அடங்கும் என்கிற வரையறை, எஸ்ஆர்ஜிபியாக இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபியில் சேமித்தால் சில திரைகளில் நிறம் வெளிறித் தெரியும். 'ஆட்டோ' பொத்தானை நான் தொடுவதில்லை, அது எல்லா நிறத்தையும் கொஞ்சம் பளபளப்பாக்கிவிடும். கடைசியாக, துணியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுவேன். தங்கையையும் கூப்பிட்டுக் காட்டுவேன், அவள் கண் என்னுடையதைவிடக் கூர்மை.

இப்போது ஒவ்வொரு டி-ஷர்ட்டுக்கும் ஐந்து படம் எடுக்கிறோம். முன்பக்கம், பின்பக்கம், ஆள் போட்டது, கழுத்துப் பட்டியும் தையலும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒன்று, அக்குளிலிருந்து அக்குள் வரை அளவு டேப் வைத்து ஒன்று. டேப் வைத்த படத்தைப் போட ஆரம்பித்ததிலிருந்து "எம் சைஸ் எனக்குச் சரியா வருமா" என்ற கேள்வி அநேகமாக நின்றுவிட்டது.

மெரூனை மறுபடி எடுத்து, அதைத் திருப்பி அனுப்பியவருக்கே முதலில் அனுப்பினேன், நிறம் இதுதான் என்று மட்டும் எழுதி. "இது நல்லா இருக்கே, இதையே அனுப்புங்க" என்று பதில் வந்தது. அதே டி-ஷர்ட்டைப் புதிதாகத் தேய்த்து, மடித்து, பார்சல் போட்டோம்.

பழைய படங்களில் இன்னும் பதினொரு டிசைன் பாக்கி இருக்கிறது. அடர் பச்சை நான்கு தடவை எடுத்தும் நீலம் தட்டித்தான் வருகிறது. நாளைக் காலையில் வெயில் ஏறுமுன் சாம்பல் அட்டையோடு மறுபடி ஜன்னலுக்குப் போகிறேன்.