கம்பளி கொடுத்த ஊர்

குன்னூரில் ஏறிய மலை ரயிலின் அடுத்த நிறுத்தமே வெலிங்டன். நீலகிரியின் படகர் இன மக்களுடைய ஜெகதளா கிராமத்தின் பெயரால் வழங்கிய இந்த இடத்தில், 1850-களில் ஆங்கிலேயர் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினர். வெலிங்டன் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. 1758-இல் தொடங்கும் வரலாறுடைய மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும், பிரிவினையின்போது குவெட்டாவை விட்டு வந்த முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியும் இங்கேதான் உள்ளன.

பயிற்சி மையத்தின் வாசலுக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மொட்டையடித்த இளைஞர்கள் வரிசையாக ஓடிச் சென்றார்கள். "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது இந்தப் படையின் போர் முழக்கம். கடைக்காரரும் ஓய்வுபெற்ற படைவீரர்தான். பணிக்காலம் முடிந்தும் இந்த வாசலை விட்டு விலக மனம் வரவில்லை என்றார். குன்னூரில் குடியேறி, 2008-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்சாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் நான் வந்தது காட்டேரிப் பூங்காவை அடுத்த நஞ்சப்பசத்திரத்தைப் பார்ப்பதற்காக. 2021 டிசம்பர் 8 அன்று, அதிகாரிகள் கல்லூரியில் உரையாற்ற சூலூரிலிருந்து புறப்பட்ட முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர், இந்தச் சிற்றூரின் அருகே விழுந்து எரிந்தது. அதில் இருந்த 14 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. முதலில் ஓடிவந்தவர்கள் தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் இந்த ஊர் மக்கள். குடங்களில் தண்ணீர் சுமந்து வந்தார்கள். வீட்டில் போர்த்திக்கொள்ள வைத்திருந்த கம்பளிகளைக் கொடுத்தார்கள். வண்டி இறங்க வழியில்லாத சரிவில் விழுந்தவர்களைத் தூக்கிச் சுமக்க அந்தக் கம்பளிகளே தூளிகளாயின. நீலகிரியின் டிசம்பர்க் குளிரை அறிந்தவர்களுக்கு, அன்றிரவு அந்த வீடுகளில் கம்பளி இல்லாமல் போனது என்னவென்று புரியும். மறுநாள் உடல்களை ஏற்றிய வண்டிகள் சூலூருக்கு இறங்கியபோது வழியெங்கும் மக்கள் நின்று பூத்தூவினார்கள்.

சில நாட்களில் ராணுவம் திரும்பி வந்து, கைகூப்பி நன்றி சொல்லி, ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்து, மாதந்தோறும் மருத்துவரை அனுப்புவதாக அறிவித்தது.

ஊரின் ஓரத்தில் ஒற்றையடிப் பாதை ஒன்று கீழே போகிறது. அதில் சிறிது தூரம் இறங்கித் திரும்பினேன். வெறுங்கையோடு ஏறுவதற்கே மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.