டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலும் ஐந்து விநாடிச் சோதனையும்

பீனிக்ஸ் நகரிலிருந்து யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊருக்கு 450 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டும். அங்கே போகிறவர்களில் பலர் பாறைகளுக்கும் மண் தடங்களுக்கும் ஆசைப்பட்டுப் போகிறவர்கள். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஷேஃபர் பாதை, மலை விளிம்பில் கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கும் ஒரு மண் சாலை. ஃபோர்டு ஈ-450 சேஸிஸின் மேல் கட்டப்பட்ட எங்கள் பழைய மோட்டார்ஹோம் அதில் இறங்கவே முடியாது. ஆகவே தங்குவதற்கு மோட்டார்ஹோம், சுற்றுவதற்கு அதன் பின்னால் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துவரப்படும் ஒரு ஜீப் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

எங்களிடம் அப்போது இருந்த 2016-ம் ஆண்டு ஹோண்டா சிஆர்-வி இதற்கு உதவாது. 2014 வரை வந்த அதே பெயருள்ள வண்டியை இப்படி இழுக்கலாம். 2015-ல் தனித்தனி கியர் படிகள் இல்லாத சிவிடி என்ற வகைக் கியர்பாக்ஸ் வந்ததும் அந்த வழி அடைபட்டுவிட்டது. பெயரையும் தோற்றத்தையும் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது, அந்தந்த ஆண்டின் உரிமையாளர் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பதை அப்போதே தெரிந்துகொண்டேன். கையேட்டைப் படித்துவிட்டே 2012-ம் ஆண்டு ஜீப் ராங்ளர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினோம். 3.6 லிட்டர் என்ஜின், ஐந்து வேகத் தானியங்கி கியர்பாக்ஸ், கையால் இழுக்கும் லீவருடன் கூடிய டிரான்ஸ்பர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி).

இந்த விஷயத்தில் பெரும்பாலானோர் குழம்பும் இடம் ஒன்றுதான். நானும் அங்கேதான் குழம்பினேன். கியர்பாக்ஸை நியூட்ரலில் வைத்தால் வண்டி தாராளமாக உருளுகிறதே, அப்படியே இழுத்துப் போனால் என்ன என்று தோன்றும். தானியங்கி கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்பை ஓட்டுவது என்ஜின். என்ஜின் நின்றிருக்க, பின்சக்கரங்கள் தம்மோடு இணைந்த டிரைவ் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டைச் சுற்ற, அது கியர்பாக்ஸின் வெளிச்செல்லும் தண்டைச் சுற்றினால், உள்ளே இருக்கும் புஷ்களும் கிளட்ச் தட்டுகளும் எண்ணெய் இல்லாமல் உரசிக்கொண்டே வரும். டிரான்ஸ்பர் கேஸ் லீவரைப் பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் 2எச் நிலையில் விட்டு, கியரை மட்டும் நியூட்ரலில் வைத்து இழுக்கும்போது நடப்பது இதுதான். வெளியே எதுவும் தெரியாது, சத்தமும் வராது; பல மைல் கழித்துக் கருகிய எண்ணெய் வாடைதான் முதலில் வரும்.

டிரான்ஸ்பர் கேஸுக்கென்று தனியாக ஒரு நியூட்ரல் இருக்கிறது. ராங்ளரில் அது, நான்கு சக்கரங்களையும் இயக்கும் இரு நிலைகளான 4எச்சுக்கும் (சாதாரண வேகம்) 4எல்லுக்கும் (மெதுவான வேகம், அதிக இழுவிசை) நடுவில், 'N' என்ற ஆங்கில எழுத்துடன் இருக்கும். அதில் வைத்தால் கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டுக்கும் முன், பின் அச்சுகளுக்குப் போகும் தண்டுகளுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடும். சக்கரங்களும் டிரைவ் ஷாஃப்ட்டுகளும் சுற்றும். கியர்பாக்ஸ் அசையாமல் நிற்கும். டிரான்ஸ்பர் கேஸுக்குள் இருக்கும் சிறிய பம்பை ஓட்டுவது பின்தண்டு என்பதால், இழுபடும்போதும் அதற்கு எண்ணெய் கிடைத்துக்கொண்டே இருக்கும். முன்சக்கரங்களை மட்டும் தூக்கி வைக்கும் டாலி வண்டியை இந்த ஜீப்புக்குக் கையேடு அடியோடு தடுக்கிறது. நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும், அல்லது நான்கும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும்.

அந்த லீவர் பாதி வழியில் 4எல்லுக்குள் நழுவினால் என்ன ஆகும் என்று ஓர் இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 மைல் வேகத்தில் 29 அங்குல டயர் நிமிடத்துக்குச் சுமார் 690 முறை சுற்றும். அச்சின் விகிதம் 3.73 என்பதால் டிரைவ் ஷாஃப்ட் ஏறக்குறைய 2,570 முறை சுற்றும், 4எல்லின் 2.72 விகிதத்தால் பெருக்கினால் 7,000. என்னுடைய தானியங்கி வண்டியில் அந்த 7,000 சுற்றும் பார்க் நிலையில் மாட்டியிருக்கும் சிறு கொக்கியின் மேல் போய் மோதும். கைக் கியர் வண்டியை முதல் கியரில் விட்டு இழுப்பவருக்கோ அது 4.46 மடங்காகி, என்ஜின் 31,000 சுற்றைத் தொட வேண்டியிருக்கும். எந்த என்ஜினும் அதுவரை உயிரோடு இருக்காது. அதன் பிறகு அந்த லீவரைத் தொடும்போதெல்லாம் எனக்குக் கை கொஞ்சம் கூசும்.

பொருத்த வேண்டிய சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜீப்பின் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டும் பேஸ் பிளேட், இரு வண்டிகளையும் இணைக்கும், இரண்டு கைகள் கொண்ட டோ பார், குறுக்காக மாட்டும் பாதுகாப்புக் கேபிள்கள், பின்விளக்குகளுக்கான வயர், ஓட்டுநர் இருக்கையின் முன் வைத்து பிரேக் மிதியை அழுத்தும் பெட்டி, இணைப்பு அறுந்தால் அந்தப் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் சுவிட்ச் ஆகியவற்றை ஒரு பட்டறையில் ஒரே நாளில் பொருத்திக் கொடுத்தார்கள். பம்பரில் கவ்விப் பிடிக்கும் டோ பாரை வாங்கவே கூடாது. மோட்டார்ஹோமின் பின்னால் இருக்கும் ஹிட்ச் என்ற இழுவை இணைப்பு ஜீப்பின் பேஸ் பிளேட்டைவிட ஏழு அங்குலம் உயரமாக இருந்ததால், டோ பார் ஏறக்குறைய மட்டமாக நிற்கும்படி இறக்கம் கொண்ட ரிசீவர் ஒன்றையும் வாங்கினேன். டிரான்ஸ்பர் கேஸில் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிய ஏடிஎஃப்+4 ஊற்றியது மட்டும் என் கைவேலை.

புறப்படுவதற்கு முந்தைய நாள் வீட்டு வாசலில் முழு ஒத்திகை பார்த்தோம். சமதளத்தில் ஜீப்பை நிறுத்தி, பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, என்ஜினை அணைத்து, டிரான்ஸ்பர் கேஸ் லீவரை 'N' நிலைக்கு இழுத்தேன். பிறகு என்ஜினை மறுபடி கிளப்பி, ரிவர்ஸ் கியர் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும். வண்டி ஓர் அங்குலம்கூட நகரக்கூடாது. டிரைவிலும் அதையே செய்து பார்க்க வேண்டும். இரண்டாவது விநாடியிலேயே ஜீப் மெல்லப் பின்னால் ஊர்ந்தது. லீவர் 'N' எழுத்துக்கு நேராக நிற்பதாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கணக்குப் போட்ட இரவின் பயத்தில், 4எல்லுக்குப் போய்விடுமோ என்று அரை மனதுடன் இழுத்ததால் அது 4எச்சை விட்டு முழுதாக வெளியே வரவில்லை. அந்த ஐந்து விநாடியை வீண் சடங்கு என்று தள்ளிவிட்டுப் போயிருந்தால், மறுநாள் முழுவதும் கியர்பாக்ஸைச் சேர்த்து இழுக்கப் பார்த்திருப்பேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, இம்முறை தயங்காமல் இழுத்தபோது லீவர் தடங்கலின்றி உள்ளே உட்கார்ந்தது. ரிவர்ஸிலும் டிரைவிலும் என்ஜின் உறுமியதே தவிர, ஜீப் கல் போல நின்றது.

அதன் பிறகு கைப் பிரேக்கை இழுத்து, கியரைப் பார்க்கில் வைத்து, என்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாத நிலையில் சாவியை விட்டு, டோ பாரை மாட்டினேன். கைப் பிரேக்கை விடுவிப்பது கடைசி வேலை. பக்கத்துக் கடையின் காலியான வாகன நிறுத்தத்தில் நான் மோட்டார்ஹோமை நடைவேகத்தில் ஓட்ட, மனைவி பக்கவாட்டில் நடந்துவந்து நான்கு சக்கரமும் சுற்றுகின்றனவா, முன்சக்கரங்கள் வளைவில் திரும்புகின்றனவா என்று பார்த்தார். குனிந்து பார்த்தவர், அடியில் நீளமான தண்டு சுற்றுகிறது என்று கத்தியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சற்று நிதானித்த பிறகுதான், அது டிரைவ் ஷாஃப்ட், நியூட்ரலில் அது சுற்றத்தான் வேண்டும் என்பது உறைத்தது.

மறுநாள் ஐ-17 நெடுஞ்சாலையில் ஏறினோம். பீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிறது, ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடியில். இடையில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டிய நீண்ட ஏற்றத்தின் உச்சியில் சன்செட் பாயின்ட் ஓய்விடத்தில் நிறுத்தி, சமையலறைக்கென்று வாங்கிய அகச்சிவப்பு வெப்பமானியுடன் ஜீப்புக்கு அடியில் படுத்தேன். கியர்பாக்ஸின் உடல் 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது வெளிக்காற்றின் அளவு. டிரான்ஸ்பர் கேஸ் 97. ஒன்று ஆறிக் கிடக்க, மற்றொன்று இதமாகச் சூடேறியிருந்தது. எந்தக் கையேட்டையும்விட அந்த இரண்டு எண்கள்தான் எனக்கு நிம்மதி கொடுத்தன. சக்கரங்கள் எதுவும் அளவுக்கு மீறிச் சூடேறாததால், கைப் பிரேக்கும் பிரேக் பெட்டியும் எங்கும் உரசவில்லை என்பதும் உறுதியானது.

ஃபிளாக்ஸ்டாஃபில் பெட்ரோல் போட நுழைந்த இடத்தில் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டோம். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும் வண்டியைப் பின்னோக்கித் தள்ள முடியாது. முன்சக்கரங்கள் ஒருபக்கமாக ஒடிந்து திரும்பி, டோ பாரை வளைத்துவிடும். பின்னால் காத்திருந்தவர்களின் பொறுமையைச் சோதித்தபடி, ஜீப்பைக் கழற்றி, தனியே ஓட்டி, சாலையோரத்தில் மறுபடி மாட்டினோம். அவசரத்திலும் ஐந்து விநாடிச் சோதனையை விடவில்லை. அடுத்த முறை முதல், நுழைந்தபடியே நேராக வெளியேற முடிகிற, லாரிகளுக்கான பெட்ரோல் நிலையங்களில் மட்டுமே நிறுத்தினேன்.

டியூபா சிட்டி, கயெண்டா, மான்யுமென்ட் வேலி, பிளஃப் வழியாக மாலையில் மோவாப் முகாமை அடைந்தபோது எங்களுக்குக் கிடைத்த இடம் சற்றுச் சரிவானது. டோ பாரின் பின்கள் இறுகிப்போய் வரவில்லை. மோட்டார்ஹோமை ஒரு சாண் பின்னுக்கு உருளவிட்டுப் பின்களைத் தட்டி எடுத்தேன். இரண்டாவது பின் வெளியே வந்த கணத்தில் ஜீப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. கியர் பார்க்கில்தான் இருந்தது. ஆனால் டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது பார்க் வெறும் பெயரளவுதான், சக்கரங்களை அது பிடிக்காது. இழுபடும்போது கியர்பாக்ஸைக் காக்கும் அந்த அறுந்த தொடர்பு, நிறுத்தும்போது வண்டியை அநாதையாக விட்டுவிடுகிறது. கழற்றுவதற்கு முன் கைப் பிரேக் என்ற வரியை நான் பலமுறை படித்திருந்தேன். மனைவி திறந்திருந்த கதவுக்குள் பாய்ந்து கைப் பிரேக்கை இழுத்ததால், ஆறடிக்குப் பின்னால் இருந்த பக்கத்து முகாமின் மேசை தப்பியது.

மறுநாள் காலை லீவரை 2எச்சுக்குக் கொண்டுவந்து, வண்டி இரு பக்கமும் நகர்வதைப் பார்த்துவிட்டு, ஷேஃபர் பாதையின் தொடக்கத்தில் 4எல்லுக்கு மாற்றினேன். திரும்பி வந்ததும், இழுபட்ட மைல்கள் ஜீப்பின் ஓடோமீட்டரில் ஏறுவதில்லை என்பதால், போக வர ஆன தூரத்தை எண்ணெய் மாற்றும் குறிப்பேட்டில் தனி வரியாக எழுதி வைத்தேன்.