ஆக்ஸ்ஃபோர்டில் காசு கொடுக்காமல் பார்த்த மரங்கள்

லண்டன் போகிறவர்கள் மெழுகுச் சிலைகளுக்கும் ராட்சத ராட்டினத்துக்கும் பவுண்டுகளைக் கொட்டிக் கொடுக்க வேண்டாம். ஒரு நாளை ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒதுக்குங்கள். அங்கே ஆஷ்மோலியன் மியூசியத்தில் ஆங்கில ஓவியர் சாமுவேல் பாமர் 1825-இல் வரைந்த ஆறு மை ஓவியங்கள் இருக்கின்றன. நேற்றுதான் பார்த்துவிட்டு வந்தேன். அந்த மரங்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

முதலில் பஸ் கொடுமையைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் விக்டோரியாவில் ஏறினால் ஒன்றே முக்கால் மணி நேரம் என்றார்கள். லண்டன் நெரிசலைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஜன்னலோர சீட்டில் ஹீட்டர் காலைச் சுட்டுக்கொண்டே வந்தது, குறைக்க வழியில்லை. ஏறுவதற்கு முன் வாங்கிய காய்ந்த சாண்ட்விச்சுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் 9 பவுண்டு! அநியாயம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே கிளம்புங்கள்.

பஸ் நிற்கும் க்ளாஸ்டர் கிரீனிலிருந்து மியூசியத்துக்கு நடந்தே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் இந்த ஓவியங்களைச் சுவரில் தேடாதீர்கள். காகிதத்தில் வரைந்தவை வெளிச்சத்தில் கெட்டுப்போகும் என்பதால் பெரும்பாலும் பெட்டிக்குள்தான் இருக்கும். அவற்றை எடுத்துக் காட்டும் பிரிண்ட் ரூம் என்ற அறைக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்க வேண்டும். அதற்கும் காசில்லை. உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும்தான்.

கேட்டதை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்கள். 'அதிகாலை' என்ற ஓவியம், ஒரு பள்ளிக்கூட நோட்டு அளவுதான் இருக்கும். நடுவில் குவிந்து பருத்த ஒரு மரம், பாதையில் ஒரு முயல். எல்லாமே பழுப்பு மை, வேறு நிறமே இல்லை. அப்படியிருந்தும் விடியற்கால வெளிச்சம் அந்த மரத்தின்மேல் விழுவது தெரிகிறது! செபியா என்கிற அந்தப் பழுப்பு மையில் கோந்தைக் கலந்து போட்டிருக்கிறார். தலையைச் சாய்த்துப் பார்த்தால் இருண்ட இடங்கள் கருப்பட்டிப் பாகு மாதிரி மினுங்குகின்றன. இதைப் புத்தகத்திலோ போனிலோ பார்க்கவே முடியாது. அப்புறம் 'பின்அந்தி'. அதில் பிறைநிலா. அதற்குக் கீழே இருட்டுக்குள் இருட்டாக நிற்கும் மரங்களைப் பார்க்கக் கண் பழக வேண்டியிருந்தது.

இதையெல்லாம் வரைந்தபோது பாமருக்கு வயது 20. அதற்கு முந்தைய வருஷம்தான் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கைச் சந்தித்திருந்தார். பிளேக் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட குட்டிக் குட்டிப் படங்கள் அவரை அப்படியே ஆட்கொண்டிருந்தன. பிறகு பாமர் கென்ட்டில் ஷோரம் கிராமத்தில் குடியேறி அந்த வேகத்தில் வரைந்து தள்ளினார். 1881-இல் இறந்துபோனார். மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு: 1909-இல் அவருடைய மகனே அந்த ஷோரம் கால நோட்டுகளையும் ஓவியங்களையும் குவியலாக எரித்துவிட்டார். யாருக்கும் புரியாது என்று நினைத்தாராம். எத்தனை மரங்கள் அந்தத் தீயில் போயினவோ! எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

வெளியே வந்ததும் நல்ல பசி. க்ளாஸ்டர் கிரீனில் அன்று சந்தை. கண்ணெதிரே பொரித்தெடுத்த ஃபலாஃபலை ரொட்டியில் சுருட்டி, காரச் சட்னியை அள்ளி ஊற்றிக் கொடுத்தார் ஒரு அம்மா. காலையில் சாண்ட்விச்சுக்கு அழுததைவிடக் குறைந்த காசு, வயிறும் நிறைந்தது. சந்தை நாளாகப் பார்த்துப் போங்கள்.

பாமரின் 1824 ஸ்கெட்ச் நோட்டு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போதே அதைப் பார்க்க நேரம் கேட்டு எழுதிவிட்டேன்.