குணத்துக்கு மதிப்பெண்

ஜூன் 4, பள்ளத்தூர்

வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் கிளை அலுவலர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்று பதில் வந்தது. நேர்முகத்துக்கு முன்னால் ஆளுமைத் தேர்வு எழுத வேண்டும். சரி, தவறு என்று விடை கிடையாது, மனதில் பட்டதைச் சொன்னால் போதும் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் எதை வைத்து ஆளைக் கழிப்பார்கள்?

ஜூன் 6

காரைக்குடி செக்காலையில் தோழி வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பள்ளத்தூரில் இணையம் அவ்வப்போது நின்றுவிடுகிறது.

'முற்றிலும் ஒப்புகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். 'கூட்டத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கும்' என்று ஒரு வரி. எந்தக் கூட்டம்? கல்யாண வீட்டில் மொய் நோட்டோடு உட்கார்ந்தால் நூறு பேர் வந்தாலும் முகம் சுளிக்க மாட்டேன். முன்பின் தெரியாத பத்துப் பேர் நடுவில் வாயே திறக்காது. இரண்டும் நான்தான். நடுக்கட்டத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அதே கேள்வி தலைகீழாக வந்தது: 'தனியாக இருக்கும்போதுதான் நிம்மதி.' பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

அப்புறம், 'நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.' ஆம் என்றால் அதுவே பொய் என்று எடுத்துக்கொள்வார்களாம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1943-இல் வெளிவந்த மனநலத் தேர்விலேயே இப்படிப் பொய்யைப் பிடிக்கும் வரிகள் உண்டு. அது நோயாளிகளைப் பரிசோதிக்க உருவானது. பதவி உயர்வுக்கு அதைப் பயன்படுத்திய ஒரு நிறுவனத்தின் மேல் ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், சட்டப்படி செல்லாது என்று 2005-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான் எழுதியது அந்தத் தேர்வு இல்லை. ஆனாலும் வேலை கேட்டு வருகிறவரிடம் எதுவரை கேட்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும்.

ஜூன் 9

பெரியம்மா மகன் போனில் பேசினான். ராணுவ அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரு போய்வந்தவன். அங்கே திரையில் வரும் 60 சொற்களுக்கு, சொல்லுக்கு 15 விநாடி வீதம், தோன்றியதை எழுத வேண்டும். படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். கடைசிப் படம் வெறும் வெள்ளைத்தாள். ஐந்து நாள் தங்கவைத்துச் சோதிக்கிறார்கள். மனநல அதிகாரி ஒருபக்கம், குழுவாக வேலை செய்யவைத்துப் பார்ப்பவர் ஒருபக்கம், நேரில் உட்கார்ந்து பேசுபவர் ஒருபக்கம். கடைசியில் மூன்று தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்.

"என்னை எடுக்கலை. ஆனா என்னைப் பார்த்துட்டுத்தான் எடுக்கலை" என்றான். அதுதான் எனக்கு வேண்டும்.

ஜூன் 12

இந்தத் தேர்வுகள் எல்லாமே பித்தலாட்டம் என்று சொல்ல மாட்டேன். பொறுப்போடு, ஒழுங்காக வேலை செய்யும் குணம் பலவகைத் தொழில்களிலும் வேலைத்திறனோடு தொடர்புள்ளது என்று பாரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆனால் அந்தத் தொடர்பு மிதமானதுதான். ஒருவர் தலையெழுத்தை அதை மட்டும் வைத்து எழுதிவிட முடியாது. மனிதரை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை ஆள் எடுக்கப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

ஜூன் 15

என் தாத்தாவிடம், ஐயாவிடம், கேட்டேன். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, சிறுவயதிலேயே பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனவர். கடையில் கடைநிலை உதவியாளான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பிறகு மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாளாக உயர்ந்தார். மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச்சீட்டு எழுதித்தான் ஆளை அனுப்புவார்கள்.

"குணத்த எப்படி ஐயா பார்ப்பாங்க?"

"கடையில கூடவே இருப்பான்ல ஆத்தா. பெட்டியத் திறக்குறப்ப கை எங்க போகுது, கணக்கு எழுதுறப்ப மனசு எங்க போகுதுன்னு மேலாளுக்குத் தெரியாதா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைக்குள் நுழையவே இன்ன ஊர், இன்ன கோயிலைச் சேர்ந்த குலம், இன்னார் மகன் என்று இருக்க வேண்டும். பையனாகவும் இருக்க வேண்டும். செக்காலைத் தோழியும் நானும் வாசல்படி ஏறியிருக்க முடியாது. நான் எழுதிய தேர்வு என் கோயிலைக் கேட்கவில்லை. அதன் இந்த நல்லதை ஐயாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது வாஸ்தவந்தான்" என்றார்.

ஜூன் 20

'இந்தப் பணிக்குத் தாங்கள் பொருந்தவில்லை.' கையெழுத்தில்லாத ஒரே வரி. நேர்முகம் இல்லை. எந்தக் குணம் குறைந்தது, எந்த வேலைக்கு அது வேண்டும், ஒன்றும் இல்லை. என் தேர்வறிக்கையைக் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினேன். என்னைப் பற்றி எழுதிவைத்திருப்பதை நான் பார்க்கக் கூடாதா? கோபம் தோற்றதில் இல்லை, இதில்தான்.

ஜூன் 27

அங்கிருந்து பதில் இல்லை. தேவகோட்டையில் ஒரு கடன் சங்கத்தில் ஆள் கேட்டிருந்தார்கள், போனேன். அங்கேயும் குணத்தேர்வு உண்டு. முன்கூட்டியே கேட்டுவிட்டேன்: என்ன பார்க்கிறீர்கள், முடிவை எனக்குக் காட்டுவீர்களா, இதை மட்டும் வைத்துத் தள்ளுவீர்களா? செயலாளர் அம்மா கோபப்படவில்லை. பொறுப்பும் பொறுமையும் பார்ப்போம், தாளை வைத்துக்கொண்டு உன்னிடமே பேசுவோம், அரைநாள் கவுண்டரில் உட்காரவைப்போம் என்றார். திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்.