தங்கவயலை நடந்து பார்க்க

கர்நாடகத்தில் தங்கச் சுரங்கம் மூடிக் கிடக்கும் கோலார் தங்கவயலுக்குப் போவதென்றால், அங்கேயே பிறந்து வளர்ந்த பழைய கூட்டாளி ஒருவனைக் கையோடு கூட்டிப் போவது நல்லது. வெளியாள் கண்ணுக்குத் துருப்பிடித்த இரும்புக் கோபுரமும் மண்மேடும்தான் தெரியும். ஊர்க்காரனுக்கு எந்தக் கோபுரம் எந்த ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி), எந்தத் தரையில் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அத்துப்படி.

குப்பம், ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பங்காருபேட்டையில் இறங்கி மாரிகுப்பம் வண்டி பிடிக்கலாம். விடிகாலையில் ஊரே பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்புகிறது. நீங்கள் எதிர்த்திசையில் போவதால் உட்கார இடம் கிடைக்கும். கடைசி நிலையமான மாரிகுப்பத்தில் இறங்கி, சாம்பியன், உரிகம் என்று திரும்பி நடப்பதே வசதி. தமிழ் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்த மாரிகுப்பம் இதுதான்.

முதலில் கண்ணில் படுவது சயனைடு மலை. பாறையை மாவாக இடித்து, பாதரசத்தில் ஒட்டிய தங்கத்தை எடுத்த பிறகு, மிச்சத்தைச் சயனைடுக் கரைசலில் ஊறவைத்தார்கள். சக்கையைக் குழம்பாகக் கொட்டிக் கொட்டி எழும்பியவைதான் இந்த மேடுகள். காய்ந்த மேல்தோல் கெட்டி, உள்ளே மாவு. மழைத்தண்ணீர் அடியைக் குடைந்து, சுவர் போல் செங்குத்தான ஓடைகளை வெட்டிவிடும். விளிம்பில் நின்றால் மேல்தோல் காலோடு பெயர்ந்து வரும். ஓடைக்குள் இறங்கி போட்டோ எடுப்பது அதைவிட முட்டாள்தனம். மழை பெய்து சில நாள் ஆகும்வரை ஏறவே வேண்டாம்.

எல்லோரும் சயனைடுக்குப் பயப்படுகிறார்கள். அது வெயிலில் பெரும்பாலும் சிதைந்துவிடும். போகாதது ஆர்சனிக்கும், நுரையீரலை அரிக்கும் சிலிக்கா தூசும். கைக்குட்டை கட்டினால் தூசு நிற்காது, என்-95 முகமூடி வேண்டும். காற்றடிக்கும் நாளில் மேட்டுப் பக்கமே போகக் கூடாது. மேட்டடியில் தேங்கும் தண்ணீர் அமிலமாக இருக்கலாம், கை வைக்காதீர்கள்.

சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902லேயே மின்சாரம் வந்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28இல் மூடியபின் பம்புகள் நின்று, தண்ணீர் உள்ளே ஏறியது. வெட்டியெடுத்த வெற்றிடங்களைத் தாங்கிய பாறையில் அழுத்தம் மாற, மூடிய பிறகும் நில அதிர்வு வந்தது. வேலி போட்ட இடத்தை, வட்டமாக அமிழ்ந்த தரையை, பாதி மூடிய குழியைச் சுற்றிப் போங்கள். காவலாளி தடுத்தால் வாக்குவாதம் வேண்டாம்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன, கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். கூட்டாளியை முன்னால் விடுங்கள். "ஐயா, நீங்க எந்த ஷாஃப்ட்டுல இறங்குனீங்க?" என்று அவன் ஆரம்பித்தால் திண்ணையில் இடம் கிடைத்துவிடும். பேச்சு நீளும். திரும்பும் வண்டிகளின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே மாரிகுப்பத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.