கழுந்தும் துளையும்: ஒசாகா நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2024, சனி

காலையிலேயே கோபே போய்விட்டேன். ஷின்-கோபே ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் தாகேனாகா தச்சுக் கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. 1984இல் தொடங்கியது, இந்த இடத்துக்கு 2014இல் வந்தது. ஒசாகாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, இன்றுதான் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கருவிகள். ஒரு தச்சர் கைவேலையாகவே ஒரு வீட்டை ஒழுங்காகக் கட்டி முடிக்க எத்தனை கருவி வேண்டும் என்று 1943இல் டோக்கியோவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். 179 என்று வந்திருக்கிறது. அதே வரிசைப்படி அத்தனையையும் மாட்டி வைத்திருக்கிறார்கள். உளியிலேயே எத்தனை அகலம், எத்தனை நீளம்! இடுக்கில் விட ஒல்லியாக ஒன்று, கழுத்து வளைந்தது ஒன்று, அடிக்காமல் கையால் மட்டும் தள்ள ஒன்று.

கீழ்த்தளத்தில் தோஷோதைஜி கோயிலின் தூண்தலை அமைப்பை அசல் அளவிலேயே செய்து நிறுத்தியிருக்கிறார்கள். சீனத்துத் துறவி கன்ஜின் 759இல் நிறுவிய கோயில் அது. தூணின் மேல் ஒரு கட்டை, அதன்மேல் இரு பக்கமும் கை நீட்டிய மரம், அதன்மேல் சிறு கட்டைகள், மறுபடியும் கைமரம். படிப்படியாக வெளியே நீண்டு போய் அகலமான இறவாணத்தைத் தாங்குகிறது. பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான், ஓட்டுக் கூரையின் பாரம் எந்த வழியாகத் தூணுக்கு இறங்குகிறது என்பது புரிந்தது. கழுத்து வலிக்கும்வரை நின்றேன்.

அக்டோபர் 12, சனி

தச்சு வேலையில் முதல் வகுப்பு. நாராவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. சொல்லித் தருகிறவர் நாற்பது வருஷத்துக்கு மேல் கோயில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கோயில் தச்சரை இங்கே மியாதாய்கு என்பார்கள். மாணவர்கள் நான்கு பேர். எல்லோரும் அவரை சென்செய் என்றே கூப்பிடுகிறோம்.

மரத்தைத் தொடவே விடவில்லை. நாள் முழுக்க உளி தீட்டினோம்.

உளியின் அலகு இரண்டு இரும்பால் ஆனது. வெட்டும் பக்கம் கடினமான எஃகு. அதன் முதுகில் மென்மையான இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டியிருக்கிறார்கள். எஃகு மட்டுமே இருந்தால் சட்டென்று உடையும், தீட்டவும் லேசில் முடியாது. அலகின் பின்பக்கம் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். கல்லில் ஓரம் மட்டும் படுவதால் அதைத் தட்டையாக வைத்திருப்பது சுலபம். நன்றாகத் தீட்டிய பிறகு வெளிச்சத்தில் பார்த்தால், மென்னிரும்பு பனி படிந்த மாதிரி மங்கலாகவும் எஃகு கண்ணாடி மாதிரியும் தெரிகிறது. இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு.

என் உளியை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். சரிவில் வெளிச்சம் ஒரே தகடாக விழாமல் வளைந்து ஓடியது. கை ஆடியிருக்கிறது. "இன்னொரு தரம்" என்றார், அவ்வளவுதான். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

அக்டோபர் 19, சனி

இன்றும் தீட்டல்தான். முதலில் கல்லையே சமன் செய்ய வேண்டும், கல் குழிந்தால் அலகும் கோணும். கடைசித் தீட்டலுக்கு கியோட்டோ மலைகளில் வெட்டிய பழைய இயற்கைக் கல் ஒன்றைக் கொடுத்தார். வழவழப்பாக, தண்ணீர் பட்டதும் மண்வாசனை. சாயங்காலம் உளியை ஒரு ஹினோகித் (ஜப்பானிய சைப்ரஸ் மரம்) துண்டின் வெட்டுமுகத்தில் வைத்துத் தள்ளினேன். நார் நசுங்காமல் மெழுகு மாதிரிச் சீவி வந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

சென்செய் நேற்று போகிற போக்கில், "ஒசாகாவில்தானே இருக்கிறீர்கள், கோட்டையின் ஒத்தெமோன் வாசல் தூணைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார். பத்துத் தடவையாவது அந்த வாசலைக் கடந்திருக்கிறேன், தூணைப் பார்த்ததில்லை.

இன்று அதற்காகவே போனேன். வாசலின் துணைத்தூண் ஒன்றின் அடிப்பகுதி எப்போதோ உளுத்துப் போக, கீழ்ப்பாதியை வெட்டிப் புது மரம் பொருத்தியிருக்கிறார்கள். பொருத்திய விதம்தான் விசேஷம். எதிரெதிர் இரண்டு முகங்களில் விரிந்த வால் போன்ற மூட்டு தெரிகிறது. இதை இங்கே 'அரி' என்பார்கள், எறும்பு என்று அர்த்தம். மற்ற இரண்டு முகங்களில் மலையுச்சி மாதிரிக் கூம்பிய கோடு. வால் மூட்டு இருப்பதால் மேலிருந்து நேராக இறக்க முடியாது. கூம்பு இருப்பதால் பக்கவாட்டில் நேராகத் தள்ளவும் முடியாது. அப்படியானால் உள்ளே எப்படிப் போனது? பல காலம் யாருக்கும் பிடிபடவில்லை. எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தெளிந்தது: சாய்வாக, மேல்நோக்கி வழுக்கிப் போய் உட்காருகிறது.

தெரிந்த பிறகு மிக எளிது. தெரியாதபோது நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி வர வைக்கிறது. சுற்றுலாக் கூட்டம் என்னை ஒதுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இந்த மூட்டைச் செய்தவர் யாரையும் மயக்குவதற்காகச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். மேலே கூரை நிற்கிறது, அதைக் கழற்றாமல் தூணின் அடியை மாற்ற வேண்டும். அந்தத் தேவைக்குள் அவருக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்கிறது.

நவம்பர் 3, ஞாயிறு

ஹோர்யூஜி. இகாருகா ஊரில், வயல்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே. உலகில் இன்று நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவை இங்கேதான் இருக்கின்றன. இளவரசர் ஷோதோகு 607இல் நிறுவிய கோயில், 670இல் எரிந்துபோய், அதன் பின் எழுப்பியது இப்போது நாம் பார்ப்பது. ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடு மரத்தின் ஆண்டு வளையங்களை ஆய்வு செய்தபோது, அது 594இல் வெட்டிய ஹினோகி என்று தெரிந்தது. தீக்கும் முந்தைய மரம் எப்படி இந்தக் கோபுரத்துக்குள் வந்தது என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கோயிலின் தச்சராக இருந்த நிஷியோகா சுனேகாசு (1908–1995) பற்றி சென்செய் நிறையச் சொல்வார். தாத்தாவும் அப்பாவும் இதே கோயிலின் தச்சர்கள். பேரன் தொழில்நுட்பப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அப்பா சொல்ல, தாத்தா பிடிவாதமாக விவசாயப் பள்ளிக்கு அனுப்பினாராம். மண்ணைத் தெரிந்தால்தான் மரம் தெரியும் என்பது தாத்தாவின் கட்சி. தலைமுறையாக வாய்வழி வந்த விதிகளையும் அவரே சொல்லிக் கொடுத்தார். மரம் எந்தத் திசை பார்த்து வளர்ந்ததோ அதே திசையில் நிறுத்து. அளவை வைத்துக் கோக்காதே, மரத்தின் குணத்தை வைத்துக் கோர்.

இது வெறும் பக்திப் பேச்சு இல்லை. மலைச்சரிவில் ஒரே பக்கக் காற்றை வாங்கி வளர்ந்த மரம், அறுத்து வைத்த பிறகும் ஒரு பக்கமாக முறுக்கப் பார்க்கும். வலமாக முறுக்கும் மரத்தோடு இடமாக முறுக்கும் மரத்தைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும். தெரியாமல் இரண்டு வலத்தைச் சேர்த்தால் கட்டடமே திரும்பும். இன்றைக்கு அறுவை ஆலையிலிருந்து சீராக வரும் பலகையில் மலையும் தெரியாது, காற்றும் தெரியாது.

1934இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பில் கோபுரத்தைக் கழற்றினார்கள். கூரை ஓடுகளையும் அவற்றின் கீழ் இருந்த மண்ணையும் இறக்கியதும், பல நூற்றாண்டாக அழுந்திக் கிடந்த இறவாண மரங்கள் சில நாளில் மெல்ல நிமிர்ந்தன என்று நிஷியோகா சொல்லியிருக்கிறார். அந்தப் பழைய மரத்தை இழைத்தால் இன்றும் ஹினோகி மணக்கும் என்றும் சொன்னார். 1,300 வருஷத்துக்குப் பிறகும்!

ஆணியே அடிக்காமல் கட்டியது என்று ஒரு பேச்சு எங்கும் உலவுகிறது. அது சரியில்லை. இங்கே கையால் அடித்த இரும்பு ஆணிகள் உண்டு. ஆனால் பாரத்தைத் தாங்குவது மூட்டு. பழங்காலத்து ஆணி இன்றும் வலுவாக இருப்பதைக் கண்டதால்தான், பிறகு யாகுஷிஜி கோயில் வேலைக்கு மாட்சுயாமாவைச் சேர்ந்த கொல்லர் ஷிரதாகா யுகினோரியை ஆயிரம் வருஷம் நிற்கிற மாதிரி ஆணி அடிக்க வைத்தார் நிஷியோகா.

அந்த யாகுஷிஜியின் மேற்குக் கோபுரம் 1528இல் எரிந்தது, அவர் தலைமையில் 1981இல் மீண்டும் எழுந்தது. 730இலிருந்து நிற்கும் கிழக்குக் கோபுரத்தைவிட ஓர் அடி அளவுக்கு உயரமாகவே அதைக் கட்டினார். பாரம் ஏற ஏற மரம் அமுங்கும், மண்ணும் இறங்கும், சில நூற்றாண்டில் இரண்டும் சமமாகும் என்று கணக்கு. அந்தச் சமத்தை அவரும் பார்க்கப் போவதில்லை, நானும் பார்க்கப் போவதில்லை.

ஹோர்யூஜித் தூண்களில் சதுரமாகவும் நீளமாகவும் ஒட்டுப் போட்ட இடங்கள் நிறைய. கெட்ட இடத்தை மட்டும் தோண்டி, அதே நார்ப்போக்கில் புதுத் துண்டு பதித்திருக்கிறார்கள். எனக்கு இன்று கோபுரத்தைவிட இந்த ஒட்டுகளே மனதில் நிற்கின்றன.

நவம்பர் 9, சனி

இழைப்புளி கையில் வந்தது. நம் ஊர்த் தச்சர் இழைப்புளியை முன்னால் தள்ளுவார், இங்கே தன் பக்கம் இழுக்கிறார்கள். ரம்பமும் அப்படித்தான். இழுக்கும்போது வெட்டுவதால் ரம்பத் தகடு வளையாது, அதனால் மெல்லிசாகவே செய்யலாம்.

பார்க்க வெறும் ஓக் கட்டை, அதில் ஓர் அலகு. ஆனால் கட்டையின் அடிப்பாகம் தட்டை இல்லை. முன் நுனியிலும் அலகின் வாயருகிலும் மட்டும்தான் மரத்தில் படும், நடுவே முடியளவு இடைவெளி. அலகைக் கீழே இறக்க அதன் தலையில் ஒரு தட்டு, மேலே ஏற்றக் கட்டையின் பின்புறம் ஒரு தட்டு. திருகு ஒன்றும் கிடையாது, காதும் விரலும்தான்.

சென்செய் இரண்டு மீட்டர் ஹினோகியின் மேல் ஒரே மூச்சில் பின்னால் நடந்துகொண்டே இழுத்தார். ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீரான சத்தம். அலகின் முழு அகலத்தில், அறுபடாமல், பட்டுத்துணி மாதிரி ஒரு சீவல் மேலெழுந்து அவர் கைமேல் விழுந்தது. அதைக் கையேட்டின் மேல் விரித்தேன், எழுத்து தெரிந்தது. இதில் போட்டியே நடக்கிறது. 10 மைக்ரானுக்கும் குறைவாகச் சீவுகிறார்களாம்.

சீவல் எனக்கு வியப்பு, அவருக்கு மரம்தான் கணக்கு. இழைத்த முகத்தின் மேல் தண்ணீர் தெளித்தார். முத்து முத்தாக நின்றது. பக்கத்தில் உப்புத்தாள் போட்ட பலகையில் அதே தண்ணீர் ஊறிப் பரவியது. தேய்த்தால் நார் கிழிந்து வாய் திறக்கும், வெட்டினால் மூடிக்கொள்ளும். மழையில் நிற்கப்போகும் மரத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

அப்புறம் யாரிகன்னா என்ற ஈட்டி வடிவ இழைப்புளியையும் எடுத்துக் காட்டினார். கட்டை வைத்த இழைப்புளி வருவதற்கு முன் கோயில் மரங்களை இழைத்தது இதுதான். வழக்கொழிந்து போயிருந்ததை மீட்டெடுத்தவர் நிஷியோகா. இழைத்த முகம் வழவழப்பாக இல்லை, சின்னச் சின்ன அலையாக இருக்கிறது. விரல் அதைவிட்டு வர மறுக்கிறது.

நவம்பர் 16, சனி

கழுந்தும் துளையும். ஒரு மரத்தின் முனையில் நாக்கு மாதிரி நீட்டிவிடுவது கழுந்து, அது இன்னொரு மரத்தின் துளைக்குள் போய் உட்காரும். மூலைமட்டத்தின் பின்பக்க அளவுகோல் 1.414 மடங்காகக் கீறியிருக்கிறது. உருட்டு மரத்தின் விட்டத்தில் அதை வைத்தால், எவ்வளவு பெரிய சதுரத் தூண் கிடைக்கும் என்று நேராகப் படித்துவிடலாம். கணக்குப் போட வேண்டியதே இல்லை.

நான் கோட்டின் மேலேயே அறுத்துவிட்டேன். கோட்டின் வெளியே அறுத்து, பாதிக் கோடு மரத்தில் நிற்க வேண்டும். கழுந்து துளைக்குள் கலகலவென்று ஆடியது. வீணாய்ப் போனது எட்டு அங்குல நல்ல ஹினோகி. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது சற்று இறுக்கமாகவே வந்தது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. சுத்தியலின் லேசாகப் புடைத்த முகத்தால் கழுந்தை நாலு பக்கமும் தட்டி அமுக்க வேண்டும். 'மரத்தைக் கொல்வது' என்று பெயர். அமுங்கிய கழுந்து உள்ளே போய்விடும், பிறகு ஈரம் வாங்கி உப்பித் துளையை இறுக்கிப் பிடிக்கும். பெயர்தான் கொல்வது, நடப்பது நேர்மாறு.

நவம்பர் 23, சனி

விடுமுறை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தச்சர் எண்ணிக்கையைத் தேடிப் படித்தேன். 1980இல் ஒன்பது லட்சத்துக்கு மேல், 2020இல் மூன்று லட்சத்துக்கும் கீழே. அதே 2020இல்தான் ஜப்பானிய மரக் கட்டடக் கலையின் 17 கைத்திறன்களை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அங்கீகாரம் வந்தது சந்தோஷம். சீவலைக் கையில் ஏந்திப் பார்க்க இன்னும் பத்துப் பிள்ளைகளாவது பட்டறைக்கு வந்தால் அதைவிடச் சந்தோஷப்படுவேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

நிஜ வேலை. சென்செய் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு, அதன் வாசல் தூணின் அடி இற்றுப்போயிருந்தது. முன்னொரு காலத்திலேயே ஒருவர் அடி மாற்றியிருக்கிறார், அந்தப் புது அடியும் இப்போது போய்விட்டது.

அவர் போட்டிருந்தது கனவா மூட்டு. மேலும் கீழும் ஒரே வடிவமான இரண்டு பாதிகள் ஒன்றையொன்று கவ்வும். பக்கவாட்டில் நுழைத்து, நடுவில் ஒரு சதுர முளையை அடித்தால் கொக்கிகள் இறுகிவிடும். கூரைக்கு முட்டுக் கொடுத்த பிறகு சென்செய் அந்த முளையை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டினார். ஏழெட்டுத் தட்டில், சண்டை போடாமல் வெளியே வந்தது.

திறந்ததும் அவர் பேசவில்லை. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். உள்முகத்தில் நூலடித்த மைக்கோடு நேற்றுப் போட்டது போலக் கறுப்பாக இருந்தது. அறுத்தது சரியாகக் கோட்டின் பாதியில். உளித்தடங்கள் எல்லாம் ஒரே சாய்வு. "இடக்கைக்காரர்" என்றார் சென்செய். பிறகு, "அவசரமே படவில்லை."

மேல்பாதியை அப்படியே வைத்துக்கொண்டோம். அதற்குப் பொருந்தும்படி புதிய கீழ்ப்பாதியைச் சென்செய் வெட்டினார், கடைசி முகத்தை மட்டும் என்னைச் சீவச் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. மூடுவதற்கு முன் புது மரத்தில் இருந்த எங்கள் மைக்கோட்டைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார்.

பக்கவாட்டில் நுழைத்தோம். முளையை வைத்துச் சுத்தியலை என்னிடம் கொடுத்தார். டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஐந்தாவது அடியில் டங் என்று மாறியது. கையைப் பிடித்து நிறுத்தினார்.